நூற்று முப்பத்தொன்பது

நான் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். திண்டுக்கல் டவுனை விட்டு வடமதுரை ரோட்டில் வந்தால் எங்கள் வீடு. இங்கிருந்து அய்யலூர் வரைக்கும் நான் கால் வைக்காத தொழுவம் குறைவு. டாக்டர் இல்லை, பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவன், அவ்வளவுதான். ஆனால் ஊர்களில் மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் பெரிதாக மறுத்ததில்லை. அந்தத் திமிரையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை முழுசாகும்.

என் பிழைப்பு முழுக்க ஒரு நைட்ரஜன் கேனுக்குள் இருக்கிறது. பார்க்கப் பால் கேன் மாதிரி இருக்கும். உள்ளே திரவ நைட்ரஜன், அதில் மூழ்கி ஸ்ட்ராக்கள். ஸ்ட்ரா என்றால் பேனா ரீஃபில் நீளத்துக்கு ஒரு மெல்லிய குழாய். அதற்குள் காளையின் விந்து உறைந்து கிடக்கும். நைட்ரஜன் இருக்கும் வரை பத்து வருடமானாலும் உயிர் போகாது. நைட்ரஜன் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் புகைந்து குறைந்துகொண்டே வரும். அது வற்றுவதற்குள் லாரிக்காரர் வந்து நிரப்ப வேண்டும். வற்றினால் கதை முடிந்தது. மைனஸ் நூற்று முப்பது டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் விந்து கெட ஆரம்பிக்கும், மறுபடி குளிர வைத்தாலும் திரும்பாது என்று பயிற்சியின் முதல் நாளே மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

வண்டியில் சின்னக் கேன், வீட்டில் பெரிய கேன். பெரிய கேனுக்கு ஒரு மீட்டர் உண்டு. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கழித்துக் கட்டிய சாமான்களோடு வந்தது. வெளிநாட்டுச் சரக்கு. அதன் ஒயரைக் கேனுக்குள் விட்டால் வெப்பநிலையை எண்ணாகக் காட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அளவுகோல் என்று காட்ட வேண்டிய எழுத்து மட்டும் எப்போதோ அழிந்துபோயிருந்தது. நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நைட்ரஜன் இருந்தால் நூற்று முப்பத்தொன்பது காட்டும். ஆறு வருடமாக அதே எண்தான். நூற்று முப்பத்தொன்பது என்றால் நிம்மதி, காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். அந்த எண் என்ன, எதிலிருந்து எண்ணி வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நம் ஊரில் யார்தான் கேட்கிறார்கள்? டிவியில் வெயில் நூற்று நாலு என்கிறான். கையில் இருக்கும் போன் அதே வெயிலை நாற்பது என்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். எந்தக் கோலில் நூற்றிரண்டு என்று யாரும் சொல்வதுமில்லை, கேட்பதுமில்லை. எண்ணைச் சொன்னால் போதும், மிச்சம் விளங்கிவிடும் என்பது நம் பழக்கம். நானும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன்தான்.

அந்தக் கேனில் இருந்தவற்றில் மூன்று ஸ்ட்ரா என்னுடையவை இல்லை. வடமதுரைக்கு அந்தப் பக்கம் சம்பங்கித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்காவினுடையவை.

அவருடைய வீட்டுக்காரர் ஒரு நாட்டுக் காளை வளர்த்தார். வாடிவாசலில் அவிழ்த்துவிட்டால் யார் கையும் திமிலில் படாமல் வரும் காளை. அந்த மனுசன் அதிகம் பேசமாட்டார். காளையிடம்தான் பேசுவார், அதுவும் மெதுவாக. அதற்கு வயசாகும் முன்னால் அதன் வாரிசாக ஒரு காளைக்கன்று வீட்டில் நிற்க வேண்டும் என்று சொல்லி என்னைப் பிடித்தார். ஒரு பண்ணையில் தெரிந்தவர் மூலம் விந்து எடுத்து ஆறு ஸ்ட்ராவாக உறைய வைத்து என் கேனில் போட்டேன். மறு வருடம் அவர் மோட்டார் ரூமுக்குப் போனவர் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து இறந்துபோனார். அடுத்த வருடம் வயிறு உப்பிக் காளையும் போயிற்று. அவர் இதற்காகவே வாங்கி விட்டிருந்த நாட்டுப் பசு மட்டும் மிச்சம்.

அக்கா அந்த ஆறையும் பத்திரமாக எண்ணிக்கொண்டே இருந்தார். முதல் இரண்டு ஊசியிலும் சினை நிற்கவில்லை. மூன்றாவது நின்று பிறந்தது பெண் கன்று, கிடேரி. அது அம்மை மாதிரி உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வந்த அந்த நோயில் செத்தது. மிச்சம் மூன்று. பசுவுக்கும் வயசாகிவிட்டது, இன்னும் ஒரு ஈற்று, மிஞ்சினால் இரண்டு.

"தம்பி, அந்த மூணும் பத்திரமா இருக்குல்ல?" என்று வழியில் எங்கே பார்த்தாலும் கேட்பார்.

"எங்கிட்ட இருக்குக்கா, எங்க போயிரப் போகுது" என்பேன். அப்படித்தான் சொன்னேன், பலமுறை.

போன தை மாதம் எங்களுக்கு டவுனில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. பாடம் எடுத்தது சின்ன வயசு டாக்டரம்மா. கேனின் குளிர் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டார். மற்றவர்கள் எல்லாம் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு என்றார்கள். நான் எழுந்து, என் மீட்டரில் நூற்று முப்பத்தொன்பது என்றேன். மீட்டர் வைத்திருக்கிற பெருமை. பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க மீட்டர் ரேங்கின் அளவுகோல்ல ஓடுதுங்க. தப்பில்ல, இங்க யாரும் அதைப் பயன்படுத்துறதில்ல, அவ்வளவுதான்" என்றார். பிறகு என் நோட்டிலேயே எழுதிக் காட்டினார். குளிருக்கு ஒரு அடித்தளம் இருக்கிறது, அதற்குக் கீழே குளிர் கிடையாது. கெல்வினும் அங்கிருந்துதான் பூஜ்யம் என்று எண்ணுகிறது, ரேங்கினும் அங்கிருந்துதான். படிதான் வேறு. கெல்வின் செல்சியஸ் படியில் ஏறுகிறது. ரேங்கின் காய்ச்சல் பார்க்கிற பாரன்ஹீட் படியில் ஏறுகிறது, அது சின்னப் படி. ஆகவே கெல்வினை ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் ரேங்கின். ரேங்கினை ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் கெல்வின். கெல்வினிலிருந்து இருநூற்று எழுபத்து மூன்றைக் கழித்தால் செல்சியஸ். நைட்ரஜன் எழுபத்தேழு கெல்வின். நானே பெருக்கி வகுத்தேன். நூற்று முப்பத்தெட்டுப் புள்ளி ஆறு வந்தது. ஆறு வருடமாகப் பார்த்த எண்ணின் பூர்வீகம் அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, டாக்டரம்மா சொன்னபடி மீட்டரின் பின்பக்கப் பொத்தானை அழுத்திக் கெல்வினுக்கு மாற்றினேன். எழுபத்தேழு என்று வந்தது. அடுத்த ஒரு வாரம் பார்த்தவனிடமெல்லாம் கெல்வினைப் பற்றிப் பேசினேன். டீக்கடையில் கூடப் பேசினேன். ஒருத்தரிடம் மட்டும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரியிடம். வீட்டில் இருப்பவளிடம் என்ன பெருமை பீற்றுவது என்று விட்டுவிட்டேன் போல. நான் ஊரில் இல்லாத நாட்களில் மீட்டரைப் பார்த்துச் சொல்வது அவள்தான். அவளுக்குத் தெரிந்ததும் நூற்று முப்பத்தொன்பதுதான்.

பத்து நாள் கழித்துத் தொப்பம்பட்டிப் பக்கம் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கிளம்புகிற நேரம் பார்த்து மகளுக்குக் காய்ச்சல். வீட்டுக்காரி அவளோடு தங்கிவிட்டாள். நான் மட்டும் பஸ் ஏறினேன். வழக்கமாக வெளியூர் போகும் முன் கேனுக்குள் ஒரு குச்சியை விட்டு நைட்ரஜன் எத்தனை விரல் நிற்கிறது என்று அளந்துவிட்டுத்தான் போவேன். அன்று அளக்கவில்லை. மீட்டர்தான் எழுபத்தேழு என்கிறதே என்று இருந்துவிட்டேன். அடியில் கொஞ்சம் நைட்ரஜன் கிடந்தாலும் மீட்டர் எழுபத்தேழுதான் காட்டும். அது எனக்குத் தெரியாததும் இல்லை. லாரியும் அந்த வாரம் வரவில்லை. பழனிக்கு நடந்து போகிற பக்தர்களால் ரோடெல்லாம் நிறைந்திருந்தது.

மறுநாள் காலையில் பந்தலில் பிள்ளை என் மடியில். மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது, வீட்டுக்காரி.

"பாப்பாவுக்கு நூத்தி ரெண்டு இருக்குங்க."

"மாத்திரை குடுத்தியா?"

"குடுத்தேன். கஞ்சி கூட இறங்கல அவளுக்கு."

"ஈரத்துணி போடு. மத்தியானம் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"சரிங்க. அப்பறம் கேன்ல நூத்தி முப்பத்தொம்பது காட்டுது. பாத்துச் சொல்லச் சொன்னீங்கள்ல."

மடியில் பிள்ளை நெளிந்தது. தங்கையின் வீட்டுக்காரர் பக்கத்தில் குனிந்து, "ஏனுங்க மச்சான், போனை அப்புறம் பேசிக்கலாமுங்க, ஆசாரி காத்துக்கிட்டிருக்காருங்க" என்றார்.

"அது எப்பவும் உள்ளதுதான். சரியாத்தான் இருக்கு. நீ பாப்பாவப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நூற்றிரண்டு என்றதும் பதறினேன். நூற்று முப்பத்தொன்பது என்றதும் நிம்மதியானேன். இரண்டையும் ஒரே மூச்சில் அவள் சரியாகப் படித்துச் சொன்னாள். ஆறு வருடத்துப் பழக்கம் என் காதுக்குள் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டது. ஒரு வாரம் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய் இது. பிள்ளை வீறிட்டு அழுதது, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேனிடம் போனேன். மீட்டரில் இருநூற்று ஐம்பத்தொன்று. முதலில் மீட்டர் கெட்டுப்போயிற்று என்றுதான் நினைத்தேன். மூடியைத் திறந்தேன். மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வழிந்து தரைக்கு இறங்கும், அதுதான் வழக்கம். ஒன்றும் வரவில்லை. குச்சியை விட்டேன். காய்ந்த குச்சியாகவே வெளியே வந்தது.

நான் தரையில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். இருநூற்று ஐம்பத்தொன்றில் இருநூற்று எழுபத்து மூன்று போனால் மைனஸ் இருபத்திரண்டு. ஐஸ்கிரீம் பெட்டிக்கு அது போதும். ஸ்ட்ராவுக்கு அது சாவு. பிறகு அந்தப் போன் ஞாபகம் வந்தது. நூற்று முப்பத்தொன்பதில் இருநூற்று எழுபத்து மூன்றைக் கழித்தேன். மைனஸ் நூற்று முப்பத்து நாலு. திரும்பக் கழித்தேன். அதேதான். அவள் படித்துச் சொன்ன அந்த நிமிடத்தில் மூன்று ஸ்ட்ராவும் உயிரோடுதான் இருந்திருக்கின்றன. கெடுவதற்கு இன்னும் நாலு டிகிரி இருந்திருக்கிறது. வடமதுரையில் இதே தொழில் செய்கிற கூட்டாளி இருக்கிறான். ஒரு போன் போட்டிருந்தால் தன் கேனைத் தூக்கிக்கொண்டு இருபது நிமிடத்தில் வந்திருப்பான். நான் சரியாத்தான் இருக்கு என்றேன்.

வீட்டுக்காரி வந்து நின்றாள். சொன்னேன். அவளுக்குக் கெல்வினும் வேண்டாம் ரேங்கினும் வேண்டாம், அக்காவின் ஸ்ட்ரா போய்விட்டது என்பது மட்டும் உடனே விளங்கியது.

"நான் பாத்துச் சொன்னேனேங்க" என்றாள்.

"நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் கெடுத்துட்டேன்."

என் மற்ற ஸ்ட்ராக்களும் போயிருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளலாம். அந்த மூன்றைத் தருவதற்கு எங்கேயும் காளை இல்லை. அன்றைக்கு முழுக்க நான் யாருடைய போனையும் எடுக்கவில்லை. நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்பார்கள். நான் நல்ல மாடும் இல்லை.

நாலு நாள் கழித்து லாரி வந்தது. கேன் நிறைந்தது, புது ஸ்ட்ராக்களும் வந்தன. அதில் நாட்டுக் காளையின் ஸ்ட்ரா ஒன்றும் இருந்தது. அதற்கு மறுநாள் காலையில் அக்கா போன் பண்ணினார். பசு விடியற்காலையிலிருந்து பருவத்துக்குக் கத்துகிறது, வரச் சொன்னார். குரலில் அத்தனை சந்தோஷம்.

வீட்டுக்காரி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் சட்டையை மாட்டும்போது பக்கத்தில் வந்தாள்.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. அந்த நாட்டு ஊசிய எடுத்துப் போட்டுட்டு வந்துருங்க. எதுவும் சொல்ல வேணாம். அந்த அக்காவுக்கு மனசு தாங்காதுங்க."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அடுத்தவங்கள ஏமாத்திப் பொழைக்கிற பொழப்பா இது? இருபது வருசத்துல ஒரு ஊசி மாத்திப் போட்டிருப்பனா?" என்று கத்தினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நியாயம் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த அஞ்சு நாளில் முதல் தடவையாக நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

பசுவைக் குளிப்பாட்டி மஞ்சள் தடவி வேப்ப மரத்தில் கட்டியிருந்தார். வெந்நீர், சோப்பு, துண்டு எல்லாம் தயார். நான் கேனை இறக்காமல் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன்.

"என்ன தம்பி, முகமே சரியில்ல? பாப்பாவுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேனே, எப்படி இருக்கு?"

"அவளுக்குத் தேவலக்கா." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காதுகுத்து, போன், நான் சொன்ன பதில், வற்றிய கேன். ஒன்றையும் மறைக்கவில்லை. என் தப்புதான் என்று இரண்டு முறை சொன்னேன். ஒன்பதால் பெருக்குவது ஐந்தால் வகுப்பது வரைக்கும் சொன்னேன், அந்த நேரத்தில் அது எதற்கு என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. பசுவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மூணுமா?" என்றார்.

"மூணும்தான்க்கா."

"இப்ப கையில வேற ஊசி வச்சிருக்கீங்களா?"

"நாட்டு ஊசி ஒண்ணு இருக்கு."

"அதையே போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா தம்பி?"

"தெரிஞ்சிருக்காதுக்கா."

"அப்பச் சொல்லாமப் போட்டிருக்கலாம்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. கோபப்படாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"கன்னு பொறந்திருந்தா அவரு காளையோடதுன்னு நான் பாட்டுக்குத் தடவிக்கிட்டுக் கெடந்திருப்பேன். சாகுற வரைக்கும் அப்படியே நெனச்சிருப்பேன். உங்களுக்கு மனசு உறுத்துது, எறக்கி வைக்கணும். எறக்கி வச்சிட்டீங்க. நான் எங்க கொண்டு போய் எறக்கி வைக்க?"

நான் அவரிடம் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

"போடுங்க. மாடு என்ன பண்ணும், அதுக்குப் பருவம் வந்திருச்சு" என்று சொல்லி அவரே வாலைப் பிடித்துக்கொண்டார். ஸ்ட்ராவை வெந்நீரில் காட்டி, துடைத்து, போட்டேன். காப்பி வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் நிற்கவில்லை.

ஒரே ஊசியில் நின்றுவிட்டது. கார்த்திகையில் கன்று போட்டது. காளைக்கன்று.

பிறந்த மூன்றாம் நாள் கன்றைப் பார்க்கப் போனேன். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் தொழுவத்தில் நின்றிருந்தார்கள். அதில் ஒரு பெரியவர், "அப்படியே பழைய காளையேதான். ஏலே, அந்த நெத்தியப் பாருங்கடா, அவரு வச்சிருந்ததுக்கு இருந்த அதே நெத்தி" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கன்றின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, அவரு காளை நெத்திதான்" என்று அவர்களிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.